அறுபத்தெட்டுப் படி உயரத்தில் என் தம்பி

என் தம்பி தரையில் நின்று சம்பாதித்தவன் அல்ல. அறுபத்தெட்டு இரும்புப் படி ஏறி, கூரைக்குக் கீழே தொங்கும் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து இருபத்துமூன்று வருஷம் வேலை பார்த்தவன். படிக் கணக்கு நான் எண்ணியது. வருஷத்தில் ஒரு நாள் குடும்பத்தாரை உருக்காலைக்குள் விடுவார்கள். அன்றைக்குக் கீழே நின்று விரல் விட்டு எண்ணினேன். அவன் அதுவரை அறுபத்தாறு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு படியை எங்கடா தொலைச்சே?" என்று கேட்டேன்.

"இறங்கும்போது கடைசி ரெண்டைத் தாவிடுவேன்க்கா. தாவினதை எப்படி எண்றது?" என்றான்.

அவன் ஓட்டியது கிரேன். ரோட்டில் போகும் கிரேன் இல்லை. ஷெட்டின் இரண்டு பக்கச் சுவரிலும் உச்சியில் தண்டவாளம் இருக்கும். அதன் மேல் ஒரு பாலம் குறுக்காக ஓடும். பாலத்திலிருந்து கம்பி வடத்தில் ஒரு கொக்கி தொங்கும். நாற்பது டன் தூக்கும். கொதிக்கும் உருக்கு நிரம்பிய வாளியை உலையடியிலிருந்து தூக்கி, ஆட்களின் தலைக்கு மேலே கொண்டுபோய், அச்சு இருக்கும் இடத்தில் ஒரு பொட்டு சிந்தாமல் சாய்க்க வேண்டும். இருபத்துமூன்று வருஷத்தில் அவன் சிந்தியதில்லை. இதை நான் அக்கா என்பதால் சொல்லவில்லை. ஆலையின் பதிவேட்டில் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

கூட்டாளிகள் அவனுக்கு வைத்த பெயர் மேல்மாடி. "மேல்மாடி காலியா?" என்று கீழேயிருந்து கத்துவார்கள். அவன் கண்ணாடி ஜன்னலைத் தள்ளித் தலையை நீட்டி, "ஆள் இருக்கு, வாடகைக்கு விடலை" என்பான். தினமும் இதே கேள்வி, இதே பதில். அலுக்கவே இல்லை அவர்களுக்கு.

நான் அவனைவிட ஐந்து வயது மூத்தவள். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்தேன். ஆலைக்காரர்களின் நீலச் சட்டை தைப்பதுதான் என் வேலை. எங்கள் அப்பா இந்த ஊருக்கு வந்தபோது புகைபோக்கி இரண்டு. எனக்குப் பத்து வயது ஆகும்போது பதினொன்று. பள்ளியில் ஊரை வரையச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் முதலில் புகைபோக்கியைத்தான் வரைவோம். வீடு, மரம், சூரியன் எல்லாம் மிச்சமிருக்கும் இடத்தில்தான். சினிமாக் கொட்டகைக்காரன்கூட ஷிப்ட் விடும் நேரம் பார்த்துத்தான் படம் போடுவான். கொடியில் காயப்போட்ட துணி சாம்பல் பூத்துப்போகும். பெண்கள் எல்லோரும் அதைச் சொல்லித் திட்டுவோம். திட்டிவிட்டு மறுபடி அலசுவோம்.

எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே சம்மட்டி ஷெட் இருந்தது. பழுத்த இரும்பை அடித்து நீட்டும் இடம். பகல் முழுக்க அடி விழும். வீட்டில் பாத்திரம் ஆடும். பேசினால் காதில் விழாது. அதனால் ஆலையில் கிரேன்காரனுக்குக் காட்டும் கைச்சைகையே எங்கள் தெருப் பேச்சாகிவிட்டது. ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் என்றால் பரிமாறு. முஷ்டியை மடக்கி உயர்த்தினால், மெதுவாக, நூலளவு மேலே; தட்டுக்கு முன்னால் என்றால் இன்னும் கொஞ்சம். இரண்டு கையையும் தலையில் வைத்தால் நிறுத்து.

தலையில் கை வைப்பது எப்படி வந்தது என்றால், என் தம்பிக்குக் கீழே நின்று சைகை காட்டியவரால் வந்தது. அவருக்கு ஊரில் கையாட்டி என்றுதான் பெயர். ஆலை தொடங்கிய புதிதில் ஒரு சங்கிலி விடுபடப் போவதைப் பார்த்தவர், எந்தச் சைகையும் ஞாபகம் வராமல் பதறிப்போய்த் தலையில் கை வைத்துவிட்டார். மேலே இருந்த அன்றைய கிரேன்காரன் உடனே நிறுத்திவிட்டான். அதைவிடத் தெளிவான சைகை எது? அன்றிலிருந்து அதுவே சட்டம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம் என்பது எங்களுக்குத் தெரியாது.

தெரியாததால் தம்பியின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. பெண் வீட்டார் வேறு ஊர். நிச்சயம் பேசப் போன இடத்தில் சாப்பிட உட்கார வைத்தார்கள். பெண்ணின் அம்மா அவனுக்குப் பரிமாறிக்கொண்டே இருக்கிறார். போதும் என்று வாயால் சொல்ல வேண்டியதுதானே? இவன் இரண்டு கையையும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். அந்த அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. என்னைத் தனியாக அழைத்தார்.

"ஏம்மா, சாப்பாட்டைப் பார்த்துத் தலையில கை வைக்கிறாரே, எங்க வீட்டுச் சமையல் அவ்வளவு மோசமா? இல்ல, பொண்ணைப் பார்த்து வச்சாரா?"

நான் விளக்கினேன். அவர் நம்பவில்லை. கடைசியில் நானும் அப்பாவும் தம்பியும் வரிசையாக நின்று எல்லாச் சைகையும் காட்டினோம். கதவுக்குப் பின்னால் நின்ற பெண் சிரித்துவிட்டாள். அவள்தான் என் தம்பி மனைவி. இன்றும் சண்டை முற்றினால் அவள் பேசுவதில்லை; தலையில் கை வைப்பாள். அவன் வாயை மூடிக்கொள்வான்.

ஊர் இளைத்ததை நான் அளவு டேப்பில் பார்த்தேன். முதலில் புதுச் சட்டை தைக்க வருபவர்கள் குறைந்து, பழைய சட்டையை உள்ளே பிடித்துத் தரச் சொல்பவர்கள் அதிகமானார்கள். மார்பு நாற்பத்துநாலு இருந்தவருக்கு நாற்பத்தொன்று. பிறகு அதுவும் இல்லை. ஒவ்வொரு ஆலையாகக் கேட்டில் பலகை மாட்டினார்கள். சம்மட்டி ஷெட் நின்ற மறுநாள் தெருவில் எல்லோரும் கத்திப் பேசிக்கொண்டிருந்தோம். சத்தம் போய்விட்டது, எங்கள் குரல் இறங்கவில்லை. துணிகள் கொடியில் வெள்ளையாகவே காய்ந்தன. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தம்பியின் ஷெட்தான் கடைசியாக மூடியது. பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கொக்கியை உச்சிக்கு ஏற்றி நிறுத்திவிட்டு, கீழே இறங்காமல் அரை மணி நேரம் கூண்டிலேயே இருந்தானாம். ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து கையாட்டி ஏறிப் போனார். பார்த்தால், இவன் பெயிண்ட் டப்பாவை வைத்துக்கொண்டு சுவரில் எழுதிக்கொண்டிருக்கிறான்: "மழை நாளில் இடது பிரேக் இழுக்கும். கொஞ்சம் முன்னாடியே விடு."

"யாருக்குய்யா இது?" என்றிருக்கிறார்.

"அடுத்து வர்றவனுக்கு."

"அடுத்து புறாதான் வரும்."

"புறாவும் பார்த்து நடந்துக்கட்டும்."

கையாட்டி அந்த வருஷமே மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். போன இடத்தில் காலமானார். தம்பிக்கு ஐந்து மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டும் வேலை கிடைத்தது. மனைவி இங்கே, என்னோடு. அவன் மாதம் ஒருமுறை வருவான். ஆஸ்பத்திரி என்பதால் விடுமுறைக் கிழமை என்று ஒன்று அவனுக்கு இல்லை. வந்தால் இரண்டு பகல். அந்த இரண்டு பகலுக்காக நாங்கள் இருவரும் மீதி நாட்களை எப்படி ஓட்டினோம் என்று எழுதினால் நீளும்.

முதல்முறை வந்தபோது நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். "அதுவும் மேலயும் கீழயும், இதுவும் மேலயும் கீழயும். உனக்கு என்னடா குறை?"

அவன் சிரிக்கவில்லை. "இல்லக்கா. அங்க பார்த்துட்டே தூக்குவேன். இங்க கதவு மூடிடுது."

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. காற்றாலை உறுப்புகள் வார்க்கும் நிறுவனம் ஒன்று பழைய ஷெட்டைப் பார்க்க வந்திருக்கிறதாம். இப்படி முன்னாலும் நாலு பேர் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். அதனால் நான் தலை நிமிரவில்லை, தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். பாதுகாப்புத் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். இன்ஜினியர்.

"கிரேன் கூண்டுல சுவத்துல எழுதியிருக்காரே, பிரேக் பத்தி. அவர் வீடு இதுதானா?"

"என் தம்பி" என்றேன். அந்தச் சொல்லை நான் சாதாரணமாகச் சொன்னதாகத்தான் நினைவு. தம்பி மனைவி இல்லை என்கிறாள்; தெருமுனை வரை கேட்டதாம்.

இன்ஜினியரம்மா உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினார். அந்த நிறுவனத்துக்கு முன்னால் இரண்டு இடங்கள். ஒன்று எங்கள் ஷெட். இன்னொன்று துறைமுகத்துப் பக்கம் புதிதாகக் கட்டிய ஷெட். எங்கள் ஷெட்டின் சுவர் உறுதி, கூரை உறுதி. கிரேனுக்கு வடம் மாற்றியாயிற்று, பிரேக்குக்குப் புதுக் கட்டை போட்டாயிற்று. நாற்பது டன் கிரேன் என்றால் சோதனைக்குக் கால் பங்கு கூடுதலாகத் தூக்குவதுதான் முறையாம்; ஐம்பது டன் தூக்கிக் காட்டினால் எங்கள் பக்கம் தராசுத் தட்டு இறங்கும். ஆனால் அவர்களுடைய ஆள் அந்தப் பழைய லீவர்களைப் பார்த்துவிட்டு, தொட மாட்டேன் என்கிறார்.

"அவர் வந்து ஓட்டுவாரா?"

"ஓட்டுவானாவா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தம்பி மனைவி அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டாள்.

அவனுக்குப் புதிதாக ஒரு நீலச் சட்டை தைத்தேன். அவன் மார்பு நாற்பத்திரண்டு. அது எனக்கு எழுதி வைக்க வேண்டிய அளவில்லை. ஆனாலும் வந்ததும் டேப் வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்பதரை. அவனிடம் சொல்லவில்லை. நாற்பதுக்குத் தைத்து, இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே ஒரு இன்ச் துணி விட்டேன். வீட்டோடு வந்து நாலு மாதம் சாப்பிட்டால் பிரித்துவிடலாம்.

சோதனை அன்று காலை பத்து மணிக்கு ஷெட்டைத் திறந்தார்கள். மஞ்சள் கயிறு கட்டி, அதற்கு இந்தப் பக்கம் நிற்க எங்களை விட்டார்கள். பழைய ஆட்கள், அவர்கள் வீட்டார் என்று இருநூறு பேர் இருக்கலாம். சிலர் பெட்டியில் மடித்து வைத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பித்தான் போட முடியாமல் ஒருவர், தோளில் தொங்கும்படி ஒருவர். யார் சட்டையில் எந்தத் தையல் நான் போட்டது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அதனால் தம்பி படி ஏறியதை முதலில் கவனிக்கவில்லை.

"மேல்மாடி காலியா?" என்று யாரோ கத்தினார்கள்.

முப்பதாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவன் திரும்பினான். "இப்பதான் குடி வர்றேன்!"

ஷெட் முழுக்கச் சிரிப்பு. எனக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. முப்பதாவது படியில் அவன் நின்று நான் பார்த்ததில்லை.

கீழே சைகை காட்ட அந்த நிறுவனத்தின் ஆள் நின்றார். நாற்பது வயது இருக்கும். ஆரஞ்சு நிற மேல்சட்டை. வேலையில் கெட்டிக்காரர் என்பது அவர் சங்கிலிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்ததிலேயே தெரிந்தது. பேச வயர்லெஸ் கொடுத்திருந்தார்கள். இரும்பு ஷெட்டுக்குள் அது கரகரத்ததே தவிரப் பேசவில்லை. சரி, கையால் காட்டிவிடலாம் என்றார். தம்பியும் தலையாட்டினான். கைச்சைகை உலகம் முழுக்க ஒன்றுதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டோம்.

ஐம்பது டன் இரும்புப் பாளங்களை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தார்கள். அவர் ஆள்காட்டி விரலை மேலே சுழற்றினார். அது இரண்டு ஊருக்கும் ஒன்றே. வடம் இறுகியது. பாளம் தரையை விட்டுக் கிளம்பியது. ஒரு சாண், ஒரு முழம். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த மோட்டார் முனகும் சத்தம் என் பல்லில் கூசியது. இந்தச் சத்தத்துக்காகவா இவ்வளவு நாள் ஏங்கினேன் என்று நினைத்தேன். ஆமாம் என்றும் நினைத்தேன்.

அப்போது பாளம் ஒரு பக்கம் சாய்ந்தது. கட்டிய சங்கிலிகளில் ஒன்றின் தொங்கல் தரைத் தண்டவாளத்தின் இடுக்கில் மாட்டியிருந்தது. கூண்டிலிருந்து அந்த மூலை தெரியாது. சைகைக்காரர் பார்த்துவிட்டார். உடனே முஷ்டியை மடக்கி உயர்த்தினார்.

அவர்கள் ஊரில் அது நிறுத்து. எங்கள் ஊரில் நூலளவு மேலே.

தம்பி நூலளவு மேலே தூக்கினான். அவர் முஷ்டியை இன்னும் உயர்த்தி ஆட்டினார். தம்பி இன்னும் நூலளவு தூக்கினான். சங்கிலி விண்ணென்று இறுகியது. பாளம் இன்னும் சாய்ந்தது. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. சொன்ன பேச்சுக் கேட்காத ஆள் மேலே உட்கார்ந்திருக்கிறான் என்று அவர் நினைத்திருப்பார். தம்பியோ, இருபத்துமூன்று வருஷமும் கேட்ட பேச்சைத்தான் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் இரண்டு கையையும் தலையில் வைத்தேன்.

நான்தான் முதலில் வைத்தேன் என்று தம்பி மனைவி சொல்கிறாள். எனக்கு நிச்சயமில்லை. பக்கத்தில் பார்த்தபோது அவள் கையும் தலையில் இருந்தது. பித்தான் போடாத சட்டைக்காரர் கையும் இருந்தது. கயிற்றின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இருநூறு பேரும் ஒரு சத்தமில்லாமல் தலையில் கை வைத்து நின்றோம்.

மோட்டார் நின்றது. பாளம் சாய்ந்தபடியே அந்தரத்தில் நின்றது. ஒரு அசைவு இல்லை.

இன்ஜினியரம்மா ஓடி வந்தார். "என்னாச்சு? யாருக்காவது அடிபட்டுடுச்சா? ஏன் எல்லாரும் தலையில கை வச்சிருக்கீங்க?"

மேலே அவன் லீவரிலிருந்து கையை எடுக்கும் வரை நாங்களும் கையை இறக்கவில்லை.

இந்த ஊர் இதற்கு முன்னாலும் தலையில் கை வைத்திருக்கிறது. பதினொரு புகைபோக்கியும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தபோது, எதுவும் யாருக்காகவும் நிற்கவில்லை. அன்றைக்கு ஒன்று நின்றது.

பாளத்தை இறக்கி, சங்கிலியை விடுவித்து, மறுபடி தூக்கினார்கள். பத்து நிமிஷம் அந்தரத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிரேக் ஒரு மயிரிழை இறங்கவில்லை. தம்பி கீழே வந்தான். கடைசி இரண்டு படியைத் தாவவில்லை.

சைகைக்காரர் முதலில் கோபமாகத்தான் வந்தார். விஷயம் தெரிந்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் நிறுத்துன்னா நீங்க தூக்கறீங்க. நான் இன்னும் கெஞ்சினா நீங்க இன்னும் தூக்கறீங்க. என் உசுரு போயிடுச்சு அண்ணே!"

"எனக்கும்தான். என்னடா இவர், சாய்ஞ்ச பிறகும் தூக்கு தூக்குங்கறாரேன்னு" என்றான் தம்பி.

இன்ஜினியரம்மா சிரிக்கவில்லை. ஒரு படத்தாளை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அதில் பதினாலு சைகைகள். "கிரேன் பாஸ். நீங்க இன்னும் பாஸ் இல்ல. இதுல பரீட்சை வைப்போம். ஷெட் திறந்தா முதல் ஆள் நீங்கதான். ஆனா பழசுல ஒண்ணுகூடக் கலக்கக் கூடாது. இன்னைக்கு இவங்க இருந்தாங்க. தினமும் இருக்க மாட்டாங்க."

அவர் சொன்னது சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

முடிவு தலைமை அலுவலகத்திலிருந்து கடிதமாக வரும் என்றார்கள். நாலு மாதம் ஆகிறது. ஷெட்டுக்குப் புதுப் பூட்டு போட்டிருக்கிறார்கள். நல்ல பூட்டு, அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், துருப்பிடிக்கவில்லை. யாரோ எண்ணெய் போடுகிறார்கள் என்றால் ஏதோ நினைத்துத்தானே போடுகிறார்கள்? தம்பி படத்தாளை லிஃப்டுக்குள் ஒட்டி வைத்திருக்கிறான். ஏறுகிற நோயாளிகள் அது ஏதோ கை வலிக்கான உடற்பயிற்சி என்று நினைத்துச் செய்து பார்க்கிறார்களாம். அவன் சட்டை இங்கே ஆணியில் தொங்குகிறது. அதை ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் போக மாட்டேன் என்றுவிட்டான்.

போன வாரம் வந்துவிட்டுத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். கிளம்ப இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.

"டேய், பரீட்சை வைக்கட்டுமா?"

"இங்கயா?"

"நீ மேல இருக்கே, நான் கீழ இருக்கேன். இதைவிட என்ன வேணும்?"

படத்தாளில் இருந்ததை நானும் மனப்பாடம் செய்திருந்தேன். ஒவ்வொன்றாகக் காட்டினேன். இடம், வலம், இறக்கு, முன்னே. பக்கத்து சீட்டில் இருந்தவர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாவம், உங்களுக்குக் காது கேக்காதா?" என்று அவனிடம் கத்திக் கேட்டார்.

"நல்லா கேக்கும்ங்க. அக்கா பரீட்சை வைக்குது."

பதின்மூன்றும் சரி. பதினாலாவதாக முஷ்டியை மடக்கி உயர்த்தினேன்.

"நிறுத்து" என்றான். சொல்லும்போதே ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவன் கை ஒரு நூல் மேலே போனது. இருவருமே பார்த்தோம்.

"வாய் பாஸ். கை ஃபெயில்" என்றேன்.

"இந்தக் கையை என்னக்கா பண்றது?"

நான் பதில் சொல்வதற்குள் பஸ் உறுமியது. எட்டு நிமிஷம் ஆகவில்லை; ஆறுதான் ஆகியிருந்தது. சக்கரம் உருளத் தொடங்கியதும் என் இரண்டு கையும் தாமாகவே தலைக்குப் போய்விட்டன.

ஓட்டுநர் வேறு ஊர்க்காரர். பஸ் நிற்கவில்லை. ஜன்னலில் ஒரு கை மட்டும், டாட்டா காட்ட எழுந்தது, பாதியில் அப்படியே நின்றது. பஸ் திரும்பி மறையும் வரை அது அசையவில்லை.